சிஸ்டர் ஏறிய பெல்ட் வண்டி

இப்போது இறங்க முடியாது சார். உட்காருங்கள். கல் ஈரமாக இருக்கிறது, இந்தச் சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வளைவுக்கு மேலே ஒற்றையாக ஒரு சில்வர் ஓக் மரம் நிற்கும். மேகம் இறங்கியிருப்பதால் தெரியவில்லை. அந்த மரம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் நான் வண்டியை எடுப்பேன். அவசரம் என்று சொன்னீர்கள். புரிகிறது. ஆனால் அந்த மரம் தெரிய வேண்டும்.

கிளம்புவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். வழியில் நிறுத்த வேண்டுமென்றால் என் முதுகில் தட்டுங்கள். தோளில் கை வைத்தால் நிறுத்த மாட்டேன். தட்டினால் மட்டும்தான். முன்பு வேறு மாதிரி இருந்தது, தோளில் கை வைத்தாலே நிறுத்திவிடுவேன். இப்போது மாற்றிவிட்டேன்.

என்ன சொன்னீர்கள்? பவுன்ராசு வண்டி இருந்திருந்தால் இந்நேரம் போடிக்கே போயிருக்கலாமா? எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். நர்ஸ் சிஸ்டர்கூட அதில்தான் போனார்கள். கடைசி நாள். அத்தனை வருஷம் என் வண்டியில் இறங்கியவர்கள், கடைசி நாள் அவன் வண்டியில் ஏறிப் போனார்கள். ஏன் என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை. நீங்கள் செல்போன் டவர் மெஷின் பார்க்க வந்தவர். மெஷின் தெரிந்தவர். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

இந்த மூங்கில்பாறை எஸ்டேட்டுக்கு ஜீப் வராது. காலையில் ஏறி வந்தீர்களே, பார்த்திருப்பீர்கள். அதனால் முதலாளி நாலு சக்கர பைக் வாங்கிப் போட்டிருக்கிறார். பழையதை நான் ஓட்டுகிறேன். புதியதைப் பவுன்ராசு ஓட்டுகிறான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நாலு தடித்த டயர், பைக் மாதிரி ஹேண்டில், பின்னால் கம்பித் தட்டு. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. என் வண்டியில் கியர். அவன் வண்டியில் பெல்ட்.

கியர் வண்டி எப்படி என்றால், இதோ இந்த இடத்தில் முதல் கியர் போட்டுவிடுவேன். இறங்க ஆரம்பிப்பதற்கு முன்பே. பிறகு ஆக்சிலேட்டரிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுவேன். அவ்வளவுதான். சக்கரம் எஞ்சினைச் சுற்றப் பார்க்கும், எஞ்சின் சுற்ற மாட்டேன் என்று சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். அந்தப் பிடியிலேயே வண்டி நடந்து வருவது மாதிரி இறங்கும். பிரேக்கைச் சும்மா தொட்டால் போதும். கிளட்சை மட்டும் தொடக் கூடாது. இறக்கத்தில் கிளட்சைப் பிடித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பேச்சு அறுந்துவிடும். பிறகு வெறும் பிரேக்தான். பாதி வழியில் அது சூடேறிக் கருகல் வாசனை வரும், அதன் பிறகு அழுத்தினாலும் பிடிக்காது.

பெல்ட் வண்டியில் கியரே கிடையாது. இரண்டு புல்லி, நடுவில் ரப்பர் பெல்ட். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் புல்லி நெருங்கிப் பெல்ட்டைப் பிடிக்கும். எஞ்சின் அடங்கினால் புல்லி விலகிப் பெல்ட் தளர்ந்துவிடும். யோசித்துப் பாருங்கள். இறக்கத்தில் மெதுவாகத்தானே போக வேண்டும்? மெதுவாகப் போகும்போதுதான் அது கையை விடுகிறது. எப்போது பிடிக்க வேண்டுமோ அப்போது விடுகிற வண்டி.

சரி, சிஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

ஞானசௌந்தரி என்று பெயர். கிராம நர்ஸ். புதன்கிழமை தடுப்பூசி நாள். லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கிற பிள்ளைகளுக்கு ஊசி போட, மாசமாக இருக்கிற பெண்களைப் பார்க்க, நீல நிற ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒன்பது வருஷம் நான்தான் ஏற்றி இறக்கினேன். அதில் இரண்டு புதன்கிழமைதான் தவறியது. ஒன்று பாதையில் யானை நின்ற அன்று. இன்னொன்று அவர்களுக்குக் காய்ச்சல். கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. நமக்கு எதற்கு?

எனக்கும் வீட்டில் ஆள் இல்லை. அவள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளை இல்லை. அதை விடுங்கள்.

இறங்குவதற்கு முன் இதே கல்லில்தான் உட்காருவார்கள், இதே மாதிரி மரம் தெரிவதற்காக. பிளாஸ்கில் டீ கொண்டு வருவார்கள். இரண்டு தம்ளர் கொண்டு வருவார்கள். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு தம்ளர் என்று முதல் நாள் எனக்குப் புரியவில்லை. பிறகு எனக்கும் ஊற்றினார்கள். நான் பாதி தம்ளர்தான் குடிப்பேன். இறக்கத்தில் வயிறு நிறைந்திருக்கக் கூடாது.

"வைரவன், நீங்க வாயைத் திறந்து பேசி நான் பாத்ததே இல்லையே" என்பார்கள்.

"மரம் தெரியுது சிஸ்டர், கிளம்பலாம்" என்பேன்.

அவர்கள் சிரிப்பார்கள். நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். மரம் தெரிந்தது.

கிளம்பிவிட்டால் பேச முடியாது. முதல் கியரில் எஞ்சின் போடுகிற சத்தம் அப்படி. போதாததற்கு சைலன்சர் ஓட்டை. பின்னால் இருப்பவர் காதோடு கத்தினாலும் எனக்குக் கேட்காது. பவுன்ராசு அதை வைத்துக் கேலி செய்வான். "அண்ணே, நீங்க மேல கியர் போடுற சத்தம் கேட்டதும் அடிவாரத்துக் கடைக்காரர் வடையை எண்ணெயில போட்டுடுறாரு. நீங்க வந்து சேர்றப்ப அது ஆறி ஊசிப் போயிருது." லயத்துப் பெண்களும் விடுவதில்லை. வண்டி போகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சிஸ்டர், மாப்பிள்ளை அழைப்பா? மேளத்தைக் காணோம்?" என்று கத்துவார்கள். எனக்கு உடம்பே கூசிவிட்டது. மறுவாரத்திலிருந்து ஐஸ் பெட்டியைப் பின் தட்டில் கட்டாமல், சீட்டில் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வைத்துவிட்டேன். மருந்து குலுங்கக் கூடாது பாருங்கள். சிஸ்டர் பெட்டியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், ஏறி உட்கார்ந்தார்கள்.

பேச முடியாததால்தான் அந்த ஏற்பாடு. என் தோளில் கை வைத்தால் நான் நிறுத்திவிடுவேன். எடுத்தால் போவேன். இருமல் வந்தால், செருப்பு நழுவினால், வழியில் யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றால், கை வைப்பார்கள். ஒரு தடவையும் தவறு நடந்ததில்லை.

அப்புறம் புதிய வண்டி வந்தது.

சத்தமே இல்லை சார். ஓணான் ஓடுகிற மாதிரி இறங்கியது. பவுன்ராசு ஓட்டிக்கொண்டே செல்போனில் பேசினான், அது எவ்வளவு தப்பு. சிஸ்டர் இந்தக் கல்லில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுல பேசிக்கிட்டே போகலாம்போல" என்றார்கள்.

"இறக்கத்தில பேசக் கூடாது சிஸ்டர். கவனம் சிதறும்."

"உங்களுக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்" என்றேன்.

ஆனால் எடுத்த எடுப்பில் ஒரு வண்டியைக் குறை சொல்பவன் இல்லை நான். சிஸ்டர் பார்வை அதில் போகிறதே, நாளைக்கு ஏறினாலும் ஏறுவார்கள், அதற்கு முன் சோதித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் எடைக்குச் சரியாகப் பின் சீட்டில் மணல் மூட்டை கட்டினேன். எடை எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஒன்பது வருஷம் ஏற்றி இறக்கியவனுக்குத் தெரியாதா? பவுன்ராசு முன்னால் நடந்து வந்தான். நான் ஓட்டினேன். ஆறு வளைவு வரை நன்றாகத்தான் வந்தது. ஏழாவது வளைவு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இடது பக்கம் பள்ளம், பாதை நடுவில் வழுக்குப் பாறை. அங்கே இன்னும் மெதுவாக வரலாம் என்று பிரேக் பிடித்தேன். எஞ்சின் அடங்கியது. பெல்ட் விட்டது. படியில் கால் வைக்கும்போது படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி ஆகிவிட்டது. வண்டி தானாக உருண்டது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து மண் மேட்டில் கொண்டுபோய் முட்டி நிறுத்தினேன்.

பவுன்ராசு ஓடி வந்தான். பயந்திருப்பான் என்று பார்த்தால் சிரிக்கிறான்.

"அண்ணே, அது விட்டுருச்சுன்னா பயந்து பிரேக்கையே பிடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. கட்டைவிரலை லேசா ஒரு அமுக்கு அமுக்கணும். எஞ்சின் கொஞ்சம் ஏறும், பெல்ட் கவ்விக்கும், அப்புறம் விரலை எடுத்தா அதுவே பிடிச்சுக்கிட்டு இறங்கும். இதுல அதுக்குன்னே உள்ள ஒரு பேரிங் வச்சிருக்கான்."

"ஓடுற வண்டியை நிறுத்த ஆக்சிலேட்டர் கொடுக்கணுமாடா?"

"நிறுத்த இல்லண்ணே. பிடிக்கிறதுக்கு. அது பிடிக்கணும்னா நாம கொஞ்சம் கொடுக்கணும்."

நீங்களே சொல்லுங்கள் சார். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு எவனுக்கு மேலும் கொடுக்க மனசு வரும்? எனக்கு வராது. நான் வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன். முதல் கியர் போட்டால் போட்டதுதான்.

மறு புதன்கிழமை சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மணல் மூட்டை கட்டியது, ஏழாவது வளைவு, பெல்ட், புல்லி, ஒன்று விடாமல். நான் அவ்வளவு பேசி அவர்கள் பார்த்ததில்லை. தம்ளரைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். டீ ஆறிவிட்டது.

"எனக்காகவா மூட்டை கட்டி ஓட்டிப் பாத்தீங்க?"

"யார் ஏறினாலும் பாக்கணும்ல சிஸ்டர்" என்றேன்.

"ஆமா. யார் ஏறினாலும்" என்றார்கள்.

நான் சொன்னதை ஒத்துக்கொண்டார்கள் பார்த்தீர்களா? அதற்குப் பிறகு பவுன்ராசு எத்தனையோ தடவை கூப்பிட்டான், ஏறவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஒரு நாள் இறங்கும்போது தோளில் கை விழுந்தது. நிறுத்தினேன். பிரேக், நிற்கிற நேரத்தில் மட்டும் கிளட்ச், எல்லாம் முறைப்படி. திரும்பி, "என்ன சிஸ்டர்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. போங்க."

இரண்டு வளைவு தாண்டியிருக்க மாட்டோம். மறுபடி கை. பெட்டிக்கு மேலே எட்டித்தான் வைக்க வேண்டும். நிறுத்தினேன். இறங்கிப் போய்ப் பின் டயரைப் பார்த்தேன், பெட்டி கட்டிய கயிற்றைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

"என்ன சிஸ்டர், தலை சுத்துதா?"

"இல்ல."

"அப்ப எதுக்குக் கை வச்சீங்க?"

மழைத் தண்ணீர் முகத்தில் வழிய என்னையே பார்த்தார்கள். "வச்சா நிறுத்தணுமா?" என்றார்கள்.

"ஆமா சிஸ்டர். அதுதான நம்ம ஏற்பாடு. நிறுத்த வேண்டாம்னா பின்னாடி கம்பியைப் பிடிச்சுக்கங்க. இறக்கத்தில நின்னு நின்னு போனா கியருக்கு ஆகாது."

கோபமாகச் சொல்லவில்லை சார். தன்மையாகத்தான் சொன்னேன். அவர்கள் சிரித்துவிட்டு, "சரிங்க டிரைவர்" என்றார்கள். அதுவரை பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து தோளில் கை விழவேயில்லை. வழியில் ஒரு இடத்திலும் நிற்காமல் இறங்கினோம். நேரம்கூட மிச்சமானது.

ரிட்டயர் ஆக இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது இங்கே உட்கார்ந்து ஒன்று கேட்டார்கள். அன்றைக்கு மரம் நன்றாகத் தெரிந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"தூத்துக்குடியில தம்பி வீடு இருக்கு. வந்துரு அக்கான்னு கூப்பிடுறான். இங்க போடியில சர்ச்சுப் பக்கத்துல ஒரு வீடு காலியா இருக்கு, வாடகைக்குத் தர்றேங்கிறாங்க. எங்க போகட்டும் வைரவன்?"

டிரைவர் என்று சொல்லவில்லை, வைரவன் என்றார்கள். என்னை நம்பிக் கேட்கிறார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வாயில் வந்ததைச் சொல்லக் கூடாது என்று நன்றாக யோசித்தேன். சர்ச்சுப் பக்கம் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அந்தத் தெருவும் ஏற்றம். வயசான காலத்தில் முழங்கால் என்ன ஆகும்? நான் வாரத்துக்கு ஒரு தடவைதான் கீழே போகிறவன், ஒரு அவசரம் என்றால் யார் இருக்கிறார்கள்? இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

"தூத்துக்குடி நல்ல ஊர் சிஸ்டர். மேடு பள்ளமே கிடையாது" என்றேன்.

"கிடையாதுதான்" என்றார்கள். எனக்கு முன்னால் அவர்களே எழுந்து வண்டியில் உட்கார்ந்தார்கள்.

கடைசி புதன்கிழமை லயத்தில் மாலை போட்டு, கேசரி கொடுத்து, பெண்களெல்லாம் அழுது, பெரிய அமளி. நான் அந்தப் பக்கம் போகவில்லை. கூட்டம் எனக்கு ஆகாது. இங்கே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சீட்டுக்குப் புது உறை போட்டிருந்தேன். அதற்கு முந்தைய நாள்தான் போடிக்குப் போய் சைலன்சரையும் மாற்றிக்கொண்டு வந்தேன். அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான், பல வருஷ ஓட்டை. ஐஸ் பெட்டியையும் பின் தட்டில் கட்டிக்கொள்ளலாம் என்று கயிறு எடுத்து வைத்திருந்தேன். சீட்டு உறை புதுசு, பெட்டி உரசினால் கிழிந்துவிடும்.

அந்த நேரம் பவுன்ராசு வண்டி வந்தது. சத்தமில்லாத வண்டி, திரும்பிப் பார்ப்பதற்குள் பக்கத்தில் வந்துவிட்டது. பின்னால் சிஸ்டர், கழுத்தில் மாலையோடு.

"வரட்டுமா?" என்றார்கள்.

நான் என்ன சொல்ல? "ஏழாவது வளைவில பாத்து" என்றேன். பவுன்ராசிடம்தான் சொன்னேன்.

பிளாஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். கனமாக இருந்தது. உள்ளே டீ இருந்தது. மேலே கவிழ்த்திருந்த தம்ளரை எடுத்துப் பார்த்தேன், ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றை மறந்திருப்பார்கள்.

சாயங்காலம் பவுன்ராசு திரும்பி வந்தான். சாப்பாட்டுக் கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வழி பூராப் பேசிக்கிட்டே வந்தாங்கண்ணே."

நான் ஊறுகாயை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"என்ன பேசுனாங்கன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஏழாவது வளைவில பெல்ட் விட்டுச்சா?" என்றேன்.

சாப்பிடுகிற கையை அப்படியே நிறுத்திவிட்டான். "போங்கண்ணே" என்றான். "நீங்க இதைத்தான் கேப்பீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. அதே வார்த்தை. ஏழாவது வளைவில பெல்ட் விட்டுச்சான்னு."

பார்த்தீர்களா சார், நான் சொல்லிக் கொடுத்ததை அவர்கள் எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? ஆபத்து எங்கே என்று தெரியும். கியர் பிடிக்கும், பெல்ட் விடும் என்று தெரியும். தெரிந்துகொண்டே ஏறியிருக்கிறார்கள். அதுதான் எனக்குப் புரியவில்லை. பவுன்ராசைக் கேட்டால், "உங்களுக்குச் சொன்னா விளங்காதுண்ணே, கஞ்சியக் குடிங்க" என்கிறான். பெல்ட் விட்டதா இல்லையா என்பதைக்கூட அவன் இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் ஏன் தரையைப் பார்க்கிறீர்கள்? தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், பரவாயில்லை. உங்களுக்கு டவர் மெஷின்தான் பழக்கம். இது வேறு.

அதற்குப் பிறகுதான் அந்த ஏற்பாட்டை மாற்றினேன். தோளில் கை வைத்தால் நிறுத்தம் என்பதை எடுத்துவிட்டேன். இறக்கத்தில் தேவையில்லாமல் நிற்கிறது கியருக்கு ஆகாது, அதற்காகத்தான். இப்போது யார் வேண்டுமானாலும் கை வைத்துக்கொள்ளலாம், அடிவாரம் வரை வைத்திருக்கலாம், நான் பாட்டுக்கு ஓட்டுவேன். வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். உங்களிடமும் முதலிலேயே சொன்னேன். புது நர்ஸ் சின்னப் பெண், அதுவும் பவுன்ராசு வண்டியில்தான் போகிறது. சைலன்சரும் இப்போது சத்தம் போடுவதில்லை. பின்னால் இருப்பவர் மெல்லப் பேசினாலும் எனக்குக் கேட்கும்.

இந்தாருங்கள், டீ. பிளாஸ்க் அதுதான். சூடு நன்றாக நிற்கிறது. நீங்கள் முதலில் குடியுங்கள், தம்ளர் ஒன்றுதான். எனக்குப் பாதி போதும்.

அதோ பாருங்கள், மரம் தெரிகிறது. முதலில் உச்சி தெரியும், பிறகு தண்டு. இதோ முழுதும் தெரிந்துவிட்டது. ஏறுங்கள் சார். பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் போட்டுவிட்டேன். கட்டைவிரலை எடுத்துவிட்டேன். பிடித்துக்கொண்டீர்களா?

கம்பியையா?

சரி. போகலாம்.